ஆத்தா திருப்பி அனுப்பிய கிடாய்

தாராபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரியின் காலடியில் மாலை போட்ட கிடாய் படுத்திருந்தது.

"கோயில்ல வெட்டலீங்களா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"பையனுக்கு அம்மை போட்டப்ப நேந்துகிட்டதுங்க. மஞ்சத்தண்ணி ஊத்துனா கெடா உடம்பைச் சிலுப்போணும், அதுதானுங்களே ஆத்தா உத்தரவு? காத்தால இருந்து உச்சிப்பொழுது வரைக்கும் ஊத்தியாச்சு. ஆத்தாளையே பாத்துட்டு அசையாம நின்னுச்சுங்க."

"ஊரே கறிக்குக் காத்திருந்திருக்குமே!"

"அதையேனுங்க கேக்கறீங்க! நேந்ததைக் குடுக்காட்டிப் பையனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நான் அழுதுபோட்டேன். பூசாரி அருவாளைக் கீழ வெச்சுட்டு, 'ஆத்தா உனக்கு ரெண்டு உசுரைக் குடுத்திருக்கறா அம்மணி, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்னாருங்க."

கேட்டவள், கிடாயின் மேல் பட்டுக்கொண்டிருந்த தன் காலை மெல்ல எடுத்து, சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.