பாவாயி கூப்பிட்ட மரம்

மலைக்கு ரோடு போடாத காலம். சேர்வராயன் மலையடியில் குருக்கம்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊரில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் வம்சத்துக்கே மூத்தவள்.

அவள் புருஷன் பேர் வில்வம். மரத்தடியில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை, மரத்தின் பேரையே வைத்துவிட்டார்களாம். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பின காலம் அது. அதனால் அந்த மரத்தின் பேரும் பாவாயி வாயில் வராது.

அவளுக்கு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. எந்தெந்த ஊர்ச் செடியையோ கொண்டுவந்து நட்டு, ஒவ்வொன்றிலும் தகரத்தில் பேர் எழுதித் தொங்கவிட்டிருந்தானாம் துரை. வில்வ மரத்தடிக்கு வந்தால், "அண்ணா, உங்க பாசையில இதுக்கு என்ன பேரு?" என்று கிணற்றுக்காரத் தெலுங்கன் ஓபுலேசுவைக் கேட்பாளாம். "மாரேடு" என்பானாம். சமையல்கார மலையாளத்தான் "கூவளம்" என்பானாம். துரை தகரத்தைப் பார்த்து "ஈக்ளே மார்மெலோஸ்" என்று படிப்பானாம். பாவாயி அதையும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய், "ஈக்ளே, சோறு திங்க வா" என்று புருஷனைக் கூப்பிடுவாளாம். அவனும் சிரித்துக்கொண்டே வருவானாம்.

அப்படி இருக்கையில் ஊரில் வயிற்றுக்கழிச்சல் வந்தது. வில்வம் கிழிந்த துணியாய்க் கிடந்தான். பிஞ்சு வில்வக்காயைச் சுட்டு மோரில் கரைத்துக் கொடுத்தால் நிற்கும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் மரம் இருப்பது துரை தோட்டத்தில் மட்டும். பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவனையும் வண்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. துரையோடு எல்லாரும் மலைமேல் போய்விட்டார்கள். கேட்டைப் பூட்டிக்கொண்டு காவல்கார பொம்மண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தானாம்.

"அண்ணா, பின்னால இருக்கிற மரத்துல நாலு காய் வேணும்."

"எந்த மரம்?"

"மாரேடு."

"அது தெலுங்கனுக்கு."

"கூவளம்."

"அது மலையாளத்தானுக்கு."

"ஈக்ளே மார்மெலோஸ்!"

"அது துரைக்கு. எனக்கு நம்ம பாசைதான் தெரியும். பேரைச் சொல்லு ஆத்தா, கேட்டைத் திறக்கிறேன்."

அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான். ஒருத்தி வாயால் புருஷன் பேரைச் சொல்லவைத்துச் சிரிக்க வேண்டும் அவனுக்கு.

பாவாயி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இன்றைக்கே போய்விடும். குறைந்தாலும் மிச்சம் கொஞ்சம் இருக்குமே என்று நினைத்தாளாம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மலை எதிரொலிக்க, "வில்வம்!" என்று கத்தினாளாம்.

வண்டியில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். "என்ன புள்ள? இங்கதானே இருக்கேன்" என்றானாம்.

பொம்மண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டைத் திறந்து, தானே ஏறிப் பறித்துக் கொடுத்தானாம்.

வில்வம் பேரன் பேத்தி கண்டு, பல்லெல்லாம் விழுந்து, கிழவனாகித்தான் போனான். ஆயுசு குறையவில்லை.

துரையும் போனான், தகரமும் துருப்பிடித்துப் போனது. மரம் மட்டும் நிற்கிறது. பாவாயி மரம் என்றால் பஸ்காரனுக்கே தெரியும். இன்றைக்கும் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வருகிற பெண், முதலில் அந்த மரத்தடியில் நின்று புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் கேட்டுக்கு வெளியே நின்று, "என்ன புள்ள?" என்று கேட்க வேண்டும்.

பொம்மண்ணன் வீட்டு மருமகள்களும் வருகிறார்கள். வரவேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. கடைசியாகத்தான் கூப்பிட விடுவோம்.