அண்ணன் ஊதிய கரண்டிகள்

யாரு அங்க, அந்தக் கதவைச் சாத்து... காத்து வருது. ம், சொல்றேன். நம்ம லாரிக்காரர் இருக்காரே, அவரோட மச்சானுக்கு நடந்தது. வெள்ளிச் சாமானுக்கு மெருகு போடுறவர்.

சாயங்காலம் ஆறரை மணி. மேட்டுப் பங்களாவுக்குப் போற ரோடு. ஈ காக்கா இல்லை. தோள்பையில மெருகுப் பொடியும் பழந்துணியும். மனசு மட்டும் ஆஸ்பத்திரியில... அங்க அண்ணன் மூச்சுக்குத் திணறிக்கிட்டுப் படுத்திருக்கார். "பங்களாக்காரங்க நாளைக்கு வீட்டைக் காலி பண்றாங்கடா. வாக்குக் குடுத்தாச்சு. போ, நான் எங்க ஓடிடப் போறேன்?"னு விரட்டிவிட்டதே அவர்தான்.

பங்களா காவல்காரர் உள்ள விட்டு, விளக்கைப் போட்டுட்டு வெளியே போயிட்டார். மேசை மேல, டீ பரிமாறுற பழைய வெள்ளிச் சாமான். கெண்டி, பால் குவளை, சர்க்கரை இடுக்கி, பன்னிரண்டு சின்னக் கரண்டி. எல்லாம் கரிக்கட்டையாக் கறுத்துக் கிடந்தது.

அண்ணன் தம்பி வேலை ஒரு தினுசு. தம்பி தேய்ச்சு இடப்பக்கம் நீட்டுவார். அண்ணன் "ஹா..."ன்னு ஊதுவார். ஆவி படியும். தம்பி துடைச்சுப் பளபளன்னு வைப்பார். இருபது வருஷப் பழக்கம்.

அன்னைக்கும் கை பாட்டுக்கு நீட்டிடுச்சு.

ஹா...

கரண்டியில ஆவி. துடைச்சார். அடுத்ததை நீட்டினார். ஹா... துடைச்சார்.

யாருப்பா அது சிரிக்கிறது? பொறு.

மூணாவது... நாலாவது... அஞ்சாவதுல ஆவி படியும்போதுதான் கிராம்பு வாசனை. இருமலுக்காக அண்ணன் எப்பவும் வாயில அடக்கிக்கிற கிராம்பு.

திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம் இருந்த நாற்காலி காலி.

அப்பதான் அவருக்கு உறைச்சுது. அங்க பத்தாத மூச்சையா இங்க நான் செலவழிச்சுக்கிட்டிருக்கேன்? போட்டது போட்டபடி தலைதெறிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரி வாசல்லயே நர்ஸம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "எங்கய்யா போனீங்க? உங்க அண்ணனுக்கு அஞ்சு தடவை மூச்சு நின்னு நின்னு வந்துச்சு."

உள்ள அண்ணன் கண்ணைத் திறந்தார். "வேலை முடிஞ்சுதாடா?"

"இல்லண்ணே. பாதியில வந்துட்டேன்."

"கிறுக்குப் பயலே. மிச்சத்தை உன் மாமனாரா வந்து செய்வாரு?"

பிழைச்சுட்டார். மூணு வருஷமாச்சு. நல்லா சாப்பிடறார், ஊர்ச் சண்டையெல்லாம் இழுக்கறார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலைக்குப் போறாங்க. தம்பி நீட்டுவார். அண்ணன் "ஹா..."ன்னு ஊதுவார்.

வெள்ளியில ஆவி படியறதே இல்லையாம்.

தம்பி இதுவரைக்கும் அதை அண்ணன்கிட்ட சொல்லல... படிஞ்ச மாதிரியே துடைச்சு வைக்கிறாராம்.