பதினொரு வரி மேலே

என் வேலை என்ன என்று வீட்டில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததே இல்லை. "விலாசம் ஒட்டுற வேலை" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். கேலிதான், ஆனால் தப்பில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் இயந்திரம் எங்கள் நிறுவனத்துடையது. அதற்கான நிரலை ஆளுக்கொரு பகுதியாக எழுதுவோம். நான் செய்த கருவி அந்த நிரலைப் படித்து, மரம்போலக் கிளை கிளையாகப் பிரிக்கும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று ஒவ்வொரு கிளையிலும் ஒரு சீட்டு ஒட்டும். பிழை எந்தக் கிளையில் இருந்தாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூல வரிக்குப் போய்விடலாம்.

அதில் ஒரு குறை இருந்தது. நிரலுக்கு நடுவே நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதிவைக்கும் குறிப்புகளைக் கருவி உதறிவிடும்; வரிக்கணக்கிலும் சேர்க்காது. பதினொரு வரிக் குறிப்பு இருந்தால், அதற்குக் கீழே உள்ள சீட்டெல்லாம் பதினொரு வரி மேலே காட்டும். நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் திருத்தினேன். திருத்திய கருவி என் கணினியில் தயாராக இருந்தது.

அந்த வாரம்தான் ஒரு நோயாளி இறந்தார். பேட்டரி மாற்றியதும், மணிக்கு இவ்வளவுதான் என்ற வரம்பை இயந்திரம் மறந்து, மருந்து முழுவதையும் மளமளவென்று ஏற்றிவிட்டது. யார் வரி என்று மேலாளர் கேட்டார். திருத்திய கருவியை ஓட்டினேன். என் வரி. பழையதை ஓட்டினேன். பதினொரு வரி மேலே, பக்கத்து இருக்கைப் பெண்ணின் வரி.

பழைய அறிக்கையைக் கொடுத்தேன். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அறிக்கை கையில் இருக்கும்போது மூலத்தை யார் திறந்து பார்ப்பார்கள்?

நான் திறந்து பார்த்தேன். அந்தப் பதினொரு வரிக் குறிப்பு அவள் எழுதியது. 'பேட்டரி மாற்றினால் கீழே உள்ள வரம்பு அழிந்துபோகிறது. அண்ணாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.' சொன்னாள்தான். பார்க்கிறேன் என்றேன், மறந்துவிட்டேன்.

அன்று காலையே அவள் கடவுச்சொல்லை முடக்கிவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, அது என் வரிதானா? நல்லாப் பார்த்தீங்களா?"

"கருவி பொய் சொல்லாதும்மா."

நம்பினாள். இன்றும் மாதம் ஒருமுறை அழைப்பாள். "ஒரு உயிரைக் கொன்னுட்டேனே அண்ணா" என்பாள். பொறுமையாகக் கேட்டு ஆறுதல் சொல்வேன்.  

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆமாம், அவளுடைய நல்ல வரியைத்தான் 'சரிசெய்தார்கள்'. என் வரி அப்படியே எல்லா இயந்திரத்திலும் ஓடுகிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டுமே. அதன்பிறகு இரண்டு பேர் இறந்தார்கள். நோய் முற்றியது என்று எழுதிக்கொண்டார்கள்.

போன வாரம் என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் இயந்திரம்தான். அது கீச்சிட்டது.

"பேட்டரி தீர்ந்துபோச்சு சார், மாத்திடறேன்" என்றார் நர்ஸ்.

"இது வேணாம் சிஸ்டர். புது பேட்டரியோட வேற ஒண்ணு குடுங்க."

நல்ல மனுஷி, உடனே கொடுத்தார். பழையதில் பேட்டரியை மாற்றி, பக்கத்துக் கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவர் மகள் அவர் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். குழாயைப் பொருத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்க எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருந்தது.

பெரியவரின் உயிர் போனதும் அந்த மகள் தரையில் விழுந்து அழுதாள். அத்தனை பேர் சுற்றி நின்றார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.