மறுப்பு வெளியிடாத தளம்

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள். நேற்றுப் பின்னேரம் முழுக்க ஊர்த் தெருவில் திரியும் மான்கள் வந்து வாசற்படியில் படுத்துக் கிடந்தன. கூட்டித் துடைத்துவிட்டுத்தான் உங்களை வரச் சொன்னேன். டொரொன்டோவில் இருந்து வந்தவருக்கு மான் புழுக்கையைக் காட்டி வியாபாரம் பேச ஏலாது.

என் மரண அறிவித்தல் தளத்தின் டொமைன் பெயரை வாங்க வந்திருக்கிறீர்கள். முற்பணமும் கட்டிவிட்டீர்கள். ஆகவே அதில் உள்ள நல்லதையும் கெட்டதையும் சொல்லிவிட வேண்டியது என் கடமை. முற்பணத்துக்கு முன் சொன்னால் வியாபாரம் இல்லை, முழுப்பணத்துக்குப் பின் சொன்னால் நேர்மை இல்லை. இதுதான் சரியான நேரம்.

ஐந்து எழுத்து, டொட் கொம். துக்கத்தைச் சொல்லும் ஒற்றைச் சொல். அழுதுகொண்டு பெருவிரலால் தட்டினாலும் பிழைக்காது. இதே சொல்லுக்கு நடுவில் கோடு போட்டும் பின்னால் இலக்கம் போட்டும் எத்தனையோ பெயர்கள் மலிவாகக் கிடக்கின்றன. செத்தவீட்டுச் செய்தி தேடுகிறவன் கோட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான். இதை வாங்கியதில் என் தம்பலகாமத்து வயல் போனது. “விசரே உங்களுக்கு? ஒரு சொல்லுக்கு வயலைக் குடுக்கிறியளே,” என்று மனைவி நிரோஜினி கத்தினாள். வயலில் யானை இறங்கும். பெயரில் இறங்காது.

வாங்குமுன் பெயரின் பழைய வாழ்க்கையையும் விசாரித்தேன், சம்பந்தம் பேசும்போது விசாரிப்பதுபோல. முந்திச் சூதாட்டத்துக்கு ஓடிய பெயர் என்றால் கூகிள் கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடும். ஏதாவது கம்பனி வந்து இது எங்கள் வணிகப் பெயர் என்று வழக்குப் போட்டால் காசும் போகும், பெயரும் போகும். இதற்கு அப்படி ஒரு சோலியும் இல்லை.

எங்கள் சனத்தில் பாதி வெளிநாட்டில். இங்கே ஒருவர் கண்ணை மூடினால், செத்தவீட்டுக்குக் கதிரை இறக்குமுன் லண்டனில் மரண அறிவித்தல் பார்க்க வேண்டும். பிறகு முப்பத்தோராம் நாள், பிறகு ஆண்டு நினைவு. நல்ல வருமானம்தான், ஆனால் முதலில் போடுகிறவனுக்குத்தான் அது. அதனால் ஊரில் நோயில் கிடக்கும் வருத்தக்காரர் எல்லாருக்கும் அறிவித்தலை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன். திகதி மட்டும் வெறுமை. அவையும் விலையில் அடக்கம். உங்கள் அப்பாவினதும் உண்டு. நல்ல படம் ஒன்று இருந்தால் தாருங்கள்.

இனி ஆபத்துக்கு வருவோம். நீங்கள் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். எப்போதாவது பொய் அறிவித்தல் வந்து மறுப்புப் போட்டதுண்டா, உண்டென்றால் பாதி விலைதான் என்று. நியாயமான கேள்வி. சனம் நம்பாவிட்டால் இது வெறும் ஐந்து எழுத்து. இல்லை என்று அன்றே பதில் எழுதினேன்.

அடுத்த கிழமை நடந்தது இது. இந்த வீட்டுக்காரர் பாக்கியரத்தினம் மாமா. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்ந்தவர், கீழே தனியாக இருந்தார். மகன் பிரகலாதன் மெல்பேர்னில். “அப்பாவைப் பாத்துக்கொள் சஞ்சீவன்,” என்று சொல்லி எனக்கு இந்த மேல்மாடியை வாடகை இல்லாமல் தந்தவன். நானும் பார்த்துக்கொண்டேன். மாமாவுக்கு நெஞ்சுக் குத்து வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும்.

ஒரு பின்னேரம் இறங்கிப் போனேன். சாய்மனைக் கதிரையில் வாய் திறந்தபடி கிடந்தார். கூப்பிட்டேன், அசைவில்லை. மூக்கடியில் கையை வைத்தேன், மூச்சுப் படவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் யோசிக்கவில்லை. டொக்டருக்குப் போன் எடுப்பதா, திகதியைப் போடுவதா? என் வீட்டுக்காரரின் சாவை இன்னொருவன் முந்திப் போட்டால் நான் எந்த முகத்தோடு தொழில் செய்வது? போட்டுவிட்டேன். பிரகலாதனும் அதைப் பார்த்துத்தான் அறிந்தான்.

அனுதாபங்கள் கொட்டத் தொடங்கிய நேரத்தில் மாமா கண்ணைத் திறந்தார்.

“என்னடா சஞ்சீவன், அப்பிடிப் பாக்கிறாய்? தேத்தண்ணி ஒண்டு போடன், வாய் வரளுது.”

குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். சலரோகக்காரர் என்பதால் சீனியைக் குறைத்தேன். கொண்டுவந்து கொடுத்தபோது அவருடைய போனில் பிரகலாதனின் படம் வந்து வந்து போனது. அப்பா இல்லை என்று தெரிந்தும் அப்பாவின் போனுக்கே அடித்துக்கொண்டிருந்தான், பாவம். மாமா கை நீட்டினார். நான் முந்தி எடுத்து என் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லி அறிவித்தலைக் காட்டினேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். மனிதன் சிரித்தார்.

“அட பாவி, இந்தப் படமோ கிடைச்சது? ‘எல்லோருடனும் இனிமையாகப் பழகியவர்.’ ஆரடா எழுதினது? இருக்கேக்க ஒருத்தரும் சொல்லேல்லையே!”

பிறகு சிரிப்பு நின்றது. “போனைத் தா. பெடியன் துடிச்சுப்போவான்.”

“ஓம் மாமா, மறுப்புப் போட்டிட்டுத் தாறன்.”

மறுப்பை எழுதவும் தொடங்கினேன். ‘பாக்கியரத்தினம் அவர்கள் உயிருடன் உள்ளார், வருந்துகிறோம்.’ வாசித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. வேறு வசனம் தேடும்போதுதான் உங்கள் மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது.

மாமா நெஞ்சைப் பிடித்தார். சிரித்ததாலோ, மகனை நினைத்ததாலோ, தெரியாது. “குளிசை,” என்று அலுமாரியைக் காட்டினார். போத்தல் அலுமாரியில் இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று கேட்டால், தேத்தண்ணி போடப் போனபோதுதான்.

அவர் என் பையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. “தாடா, சஞ்சீவன்,” என்றார். மடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் அவரைத் தொடவில்லை, ஒரு விரல்கூடப் படவில்லை. பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். எல்லாம் அடங்கியபின் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூக்கடியில் வடிவாகக் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் முறையும் பிழை விட ஏலாதே. பிறகு பிரகலாதனுக்கு எடுத்தேன்.

உங்களுக்கு ஆபத்து என்றால் பக்கத்து வீட்டு றம்லா ஒருவர்தான். “அறிவித்தல் வந்த பொறகும் மனுசன் சிரிச்ச சத்தம் கேட்டிச்சே தம்பி,” என்றார் செத்தவீட்டில். ரேடியோவாக இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “ஓம், உங்கட தளத்தில வந்திட்டே, அது பொய்யாகுமா?” என்று அவரே சொல்லிக் கண்ணைத் துடைத்தார். தன் காதைவிட என் தளத்தை நம்பினார். பெயருக்கு இந்த விலை ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

என்ன, தேத்தண்ணியைத் தொடவே இல்லையே. நீங்கள் பொலிஸுக்குப் போகலாம், நான் மறிக்க மாட்டேன். போனால் பெயர் நாறும், முற்பணமும் திரும்பாது. யோசித்துச் செய்யுங்கள்.

பிரகலாதன் வந்து, அப்பாவின் கடைசி நேரத்தில் நீயாவது பக்கத்தில் இருந்தாயே என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். முப்பத்தோராம் நாள் அறிவித்தலுக்கு அவனிடம் நான் காசு வாங்கவில்லை, எனக்கும் மனம் இருக்கிறது. ஆகவே பாதி விலை என்ற கதை இனி வேண்டாம். உங்களுக்கு நான் எழுதிய பதில் இன்றும் அப்படியே நிற்கிறது. இந்தத் தளத்தில் ஒரு பொய் அறிவித்தலும் வந்ததில்லை.