‘ஏன் டாக்டர்’ ஒட்டி வைத்த உறை

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் ஐயா அவர்களே! டாக்டரம்மாவின் கணவரே! பெரியவர்களே! செவ்வாய்க்கிழமைதோறும் கீழ்த்தளத்து நீல நாற்காலிகளில் என்னோடு காத்துக் கிடந்த என் கூட்டாளிகளே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டரம்மா வாங்கிய பட்டங்களை வரிசையாகச் சொன்னார்கள். அதில் பாதி என் வாயில் நுழையாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். “பாட்டி, நான் எழுதித் தரட்டுமா?” என்று கல்லூரியில் படிக்கும் என் பேத்தி கேட்டாள். “போடி, பதினேழு மாசமா தினம் நோட்டு எழுதுற கை இது” என்றேன். அவள் படிப்பில் எனக்குப் பெருமை உண்டு. என் கையெழுத்திலும் உண்டு.

நாங்கள் டாக்டரம்மாவுக்குக் கொடுத்த பட்டம் ஒன்றே ஒன்று: ‘ஏன் டாக்டர்’! தலை சுற்றுகிறது என்றால் மற்றவர்கள் மாத்திரை எழுதுவார்கள். இவர் “ஏன்?” என்பார். இன்றைக்குச் சுற்றவில்லை என்றாலும் “ஏன்?” என்பார்!

என் மார்பில் கட்டியை எடுத்துவிட்டு, கீமோ என்கிற பெரிய மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள். வாயில் வைத்ததெல்லாம் இரும்பாக ருசித்தது. அப்போதுதான் அவர் அறைக்கு முதல்முறை போனேன். மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் ஆப்பிள் மரக் கிளை. கிளையின் முதுகில் வேறொரு செடி, வெள்ளை மணி மணியாகக் காய்களோடு.

“இது என்னன்னு தெரியுதாம்மா?”

“புல்லுருவி. அடுத்தவன் உழைப்புல உக்காந்து திங்கிறது. எங்க வீட்டுக்காரரோட தம்பி மாதிரி” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு காயை என் விரலில் வைத்து நசுக்கச் சொன்னார். பசையாக ஒட்டிக்கொண்டது. “பறவை இதைத் தின்னுட்டு, அலகை இன்னொரு கிளையில தேய்க்கும். விதை அங்கயே ஒட்டிக்கும். அப்புறம் பாருங்க, எந்த மரத்துல வளருதோ அதைப் பொறுத்து சாறும் மாறுது. ஏன்? எனக்குப் பாதிதான் தெரியும்.”

பாதிதான் தெரியும் என்று சொன்ன டாக்டரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தது அன்றுதான்!

“இந்தச் சாறு புற்றுநோயைக் குணமாக்குமா?” என்று கேட்டேன். “ஆக்கும்னு சொல்ல மாட்டேன். பெரிய வைத்தியம் நடக்கும்போது தூங்கறதுக்கு, சாப்பிடறதுக்கு, தெம்பா இருக்கறதுக்கு இது உதவுதான்னு தேடறேன். உதவாமலும் போகலாம்” என்றார். என்னோடு வந்திருந்த பக்கத்து நாற்காலித் தையல்காரர், “அந்தப் பெரிய மருந்துச் சனியனை விட்டுட்டு இந்தச் சாறு ஊசியை மட்டும் போட்டுக்கறேனே” என்றதும் டாக்டரம்மா முகம் மாறியது. “அப்போ உங்களுக்கு இந்த ஊசியே கிடையாது. பாட்டு அங்க நடக்குது அண்ணே. இது பக்கவாத்தியம்!” தையல்காரர் மறுநாளே பெரிய மருந்துக்குத் திரும்பினார். இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

ஆராய்ச்சிக்கு இருநூற்றுப் பத்துப் பேர். பாதிப் பேருக்குப் புல்லுருவிச் சாறு, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஒரு வருடம் ஊசி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் ஓர் உறையில் போட்டு ஒட்டப்பட்டு, கணக்குப் போடும் ஐயாவின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. கடைசி ஆளின் கடைசி ஊசிக்குப் பிறகுதான் திறக்க வேண்டும். அதுவரை தூக்கம், பசி, வலி, தெம்பு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று நாங்கள் நோட்டில் மார்க் போட வேண்டும்.

வயிற்றில் சாறு ஊசி போட்ட இடம் சிலருக்குச் சிவக்கும் என்று காத்திருக்கும் அறையில் ஒரு பேச்சு கிளம்பியது. விடுவோமா? திரையை இழுத்துவிட்டுக்கொண்டு வயிற்றோடு வயிற்றை ஒப்பிட்டுப் பார்த்தோம்! எனக்குச் சிவக்கவில்லை. எனக்கு வந்தது உப்புநீரோ என்ற கவலையைவிட, டாக்டரம்மா முகம் வாடுமே என்ற கவலை பெரிதாக இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? கழிப்பறைக்குப் போய் வயிற்றை நறுக்கென்று கிள்ளிக்கொண்டு வந்தேன்!

டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

“ஊசி போட்டது வலது பக்கம். செவந்தது இடது பக்கம். ஏன்?”

நான் புடவையை இழுத்து மூடப் பார்த்தேன்.

“அதுல நகக்குறி இருக்கு. ஏன்?”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் டாக்டரம்மா…”

என் நோட்டை எடுத்துப் புரட்டினார். “நோட்டுலயும் கிள்ளி வெச்சிருக்கீங்களா?”

பொய் சொல்ல முடியவில்லை. இரண்டு மார்க் தூக்கத்துக்கு ஏழு போட்டிருந்தேன். வாந்தி எடுத்த நாளில் பசிக்கு எட்டு.

அவர் நேரே வெளியே போய், “எனக்காக நல்ல மார்க் போட்டவங்க கை தூக்குங்க. திட்ட மாட்டேன்” என்றார். முதலில் பேருந்து ஓட்டுநர் தூக்கினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தொன்பது கைகள்! “இது உங்க தப்பில்ல. நானே ஊசி போட்டு, நானே நோட்டையும் வாங்கிப் பார்த்தா, மூஞ்சிக்கு நேரா யாருக்குத்தான் மனசு வரும்?” என்றார். அன்றிலிருந்து தோலைப் பார்ப்பவர் ஒருவர், நோட்டை வாங்குபவர் வேறொருவர். டாக்டரம்மா இரண்டையும் பார்க்கவில்லை. எல்லோருடைய மூன்று மாதப் பக்கங்களையும் தன் கையாலேயே குறுக்குக் கோடு போட்டு அடித்தார்.

“அடிச்ச பக்கத்துக்கு ஈடா எல்லாருக்கும் ஊசியை இன்னும் ஒரு வருஷம் நீட்டணும் டாக்டர்!” என்று கணக்கு ஐயா தலையில் கை வைத்தார்.

“ஆகட்டும். பொய்ப் பதில் சீக்கிரம் கெடச்சு என்ன பண்றது?”

சபையோரே! அந்த ஒரு வருடத்துக்குள்தான் அவர் நெஞ்சு நின்றுபோனது. பத்தொன்பது நாள் முன்பு, படியேறிக்கொண்டிருந்தபோது. நாங்கள் கிள்ளாமல் இருந்திருந்தால், பத்தொன்பது பேரும் உள்ளதை எழுதியிருந்தால், அவர் பதிலைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாரே! இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் போன வாரம் நானே ஒரு மனு எழுதினேன். ‘இந்த இரங்கல் கூட்டத்திலேயே உறையைத் திறந்து, டாக்டரம்மாவின் படத்துக்கு முன்னால் பதிலைப் படிக்க வேண்டும்.’ முதல் கையெழுத்து என்னுடையது. இன்னும் பதினைந்து பேர் போட்டார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எனக்கு வந்தது சாறா, நீரா என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் உள்ளே இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

கணக்கு ஐயா மனுவை இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. “தொறக்கலாம்மா. உங்களோட சேர்த்து முப்பத்தெட்டு பேருக்கு இன்னும் ஊசி பாக்கி இருக்கு. தொறந்து, உங்களுக்கு வெறும் உப்புநீர்தான்னு தெரிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை தூக்கத்துக்கு எத்தனை போடுவீங்க?”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே கேள்வி. எத்தனை போடுவேன்? எது என்று தெரியாதபோதே இரண்டை ஏழாக்கியவள் நான். தெரிந்துவிட்டால் என் கை சும்மா இருக்குமா? சாறு என்று தெரிந்தால் டாக்டரம்மாவின் பெயருக்காகவே பத்துப் போடுவேன். நீர் என்று தெரிந்தால், தூங்கினாலும் தூங்கவில்லை என்பேன். அவர் ஒரு வருடத்தைக் கொடுத்துக் காப்பாற்றிய கேள்வியை, அவர் படத்துக்கு முன்னாலேயே நான் கெடுத்துவிடுவேன்!

இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. புல்லுருவி உதவுகிறது என்று வந்தாலும் வரட்டும். ஒன்றுக்கும் உதவாது என்று வந்தாலும் வரட்டும். எது வந்தாலும் “ஏன்?” என்று கேட்க அவரிடம் படித்த பிள்ளைகள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நிற்கிறார்கள். எங்கள் வேலை உள்ளதை எழுதுவது. நான் எழுதுவேன். இந்தச் சபைமுன் சொல்கிறேன், எழுதுவேன்!

இதோ அந்த மனு. என் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டேன். தாளையும் பேனாவையும் இந்த மேசையிலேயே வைத்துவிட்டு இறங்குகிறேன். மற்ற பதினைந்து பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.