மூன்றாம் வீட்டு மவுத் ஆர்கன்

குதிரையை நான் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. அந்தியூர்ச் சந்தைக்கு ஒருமுறை போனபோது கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு வெள்ளைக் குதிரையின் காது தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் என் கதையில் பக்கத்துக்குப் பக்கம் குதிரை ஓடும். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா, மாட்டுப் பண்ணை, புழுதி, துப்பாக்கி, நடுவில் ஒரு காதல். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. எல்லாரும் சிரித்தவர்கள்தான். நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதத் தெரிந்தவளிடம் கேட்டிருக்கிறீர்கள், அதனால் முறையாகவே சொல்கிறேன்.

என் பெயர் வள்ளியாத்தாள். அந்தப் பெயரில் காதல் கதை எழுதினால் யார் படிப்பார்கள் என்று, போனில் கதை போடுகிற ஆப்பில் வர்ஷினி என்று வைத்துக்கொண்டேன். வேலம்பாளையத்தில் எங்களுக்கு ஒரு வரிசை லைன் வீடுகள் இருக்கின்றன. குடியிருப்பவர்கள் எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் அவர்கள் கிளம்பிவிட்டால் பொழுது சாயும்வரை அங்கே நான் ஒருத்திதான். யாராவது யாரையாவது தேடி வந்தால் நான் சொல்வதுதான் பதில்.

என் வீட்டுக்காரர் ரத்தினசாமி ஏற்றுமதிக்கு பனியன் தைத்துக் கொடுக்கிறவர். நான் எழுதுவதை ஒருநாள் பார்த்துவிட்டார். "ஏம்புள்ள, அமெரிக்காக்காரனுக்குப் பனியன் தெச்சுக் குடுக்கறது பத்தாதுன்னு நீ கதை வேற எழுதிக் குடுக்கறயா?" என்று கேட்டு, டீ குடிக்க வந்திருந்த ஆட்கள் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே போய் எல்லாருக்கும் இன்னொரு சுற்று டீ போட்டேன். டீ கொதிப்பதற்குள் என் உடம்பெல்லாம் கொதித்துவிட்டது. கல்யாணம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்து வந்தார்கள். அன்று முதல் யார் யாருக்கோ சமைத்தேன், யார் யாருக்கோ சிரித்தேன். எனக்கென்று இருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதைத் தொட்டுச் சிரிக்க இவர் யார்?

ஆனால் கதையும் சரியாக இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். என் நாயகன் ஜேக்கப் பண்ணைக்காரன். அவன் மனைவி கிளாரா அவனை விட்டுப் போய்விட்டாள், அவன் காத்திருக்கிறான். பக்கம் பக்கமாகக் காத்திருந்தான், அசையவில்லை. "ஹீரோ மரக்கட்டை" என்று ஒருத்தி கீழே எழுதினாள். அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, ஆனால் அவள் சொன்னது உண்மை.

தை மாதத்தில் மூன்றாம் வீட்டுக்கு ராக்கையா குடிவந்தான். சாத்தூர்ப் பக்கத்துப் பையன், செக்கிங் செக்ஷனில் வேலை. அதிகம் பேசமாட்டான். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிற துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பான். ஊதும்போது ஒரு மாதிரி இருக்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது வேறு மாதிரி இருக்கும். இழுக்கும் இடங்களில்தான் என் ஜேக்கப் உயிரோடு எழுந்தான். அவன் ஏன் பேசுவதில்லை, ஏன் கிளாராவின் தட்டை மேசையிலிருந்து எடுப்பதில்லை, எல்லாம் தானாகப் புரிந்தது. குழம்பைத் தீய விட்டுவிட்டு எழுதினேன்.

இன்னொன்றும் கவனித்தேன். எந்தப் பாட்டையும் அவன் முடிக்கமாட்டான். கடைசி அடி வரும்போது நிறுத்திவிட்டு, வாத்தியத்தைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வான். நானும் ஜேக்கப்பைப் பேச்சின் பாதியில் நிறுத்தி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போக வைத்தேன். படித்தவர்கள் அழுதார்கள். மரக்கட்டை என்று எழுதினவளும் அழுதாள். ஆயிரக்கணக்கில் படிக்கத் தொடங்கினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னை யாரோ காத்திருந்து கேட்டார்கள்.

ஏன் முடிப்பதில்லை என்று அவனிடமே கேட்டேன்.

"கடைசி அடிய ரோஸ்மேரிதாங்க்கா பாடுவா. அத நான் வாசிக்கிறதில்ல," என்றான்.

ரோஸ்மேரி அவன் மனைவி. வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். ஒருநாள் அவன் வேலை முடிந்து வரும்போது அவள் இல்லை, அவளாகவே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். "வர்றதா இருந்தா வருவா" என்று மட்டும் சொன்னான். அதையும் அப்படியே ஜேக்கப்பின் வாயில் போட்டேன்.

சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், அவள் வந்து கேட்டில் நின்றாள். கையில் ஒரு பை. வயிறு நன்றாகத் தெரிந்தது.

"ராக்கையான்னு ஒருத்தர் இங்க இருக்காரா அக்கா? வேலம்பாளையத்துல லைன் வீட்டுல இருக்காருன்னு ஊர்ல சொன்னாங்க. எங்க அண்ணன்மாரு என்ன இழுத்துட்டுப் போயி, போனையும் புடுங்கிட்டாங்க. அவரு பழைய நம்பரும் போகல. புள்ள உண்டாயிருக்கறதே அவருக்குத் தெரியாதுக்கா."

எனக்குக் கோபம் வந்தது. கத்துகிற கோபம் இல்லை. உலையில் அரிசி போடுகிற நேரத்தில் அடுப்பை யாரோ அணைத்தால் வருமே, அந்தக் கோபம். ஜேக்கப் அப்போதுதான் பனியில் தனியாகக் குதிரையேறிக் கிளம்பியிருந்தான். அன்று சாயங்காலம் இவள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அடியைப் பாடிவிடுவாள். அப்புறம் அவன் எதற்கு வாசிக்க வேண்டும்? வாசித்தாலும் அந்த இழுப்பு எப்படி வரும்? எல்லாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான். இவளும் எடுக்க வந்திருந்தாள்.

"அவன் ஊட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டானே கண்ணு. சோமனூர்ல தறிக்குப் போறதாச் சொன்னான்," என்றேன்.

சோமனூர் ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தேன், சாப்பாடு போட்டேன். அவன் வாசிக்கிற கல்லில்தான் கை கழுவினாள். அவனுடைய கைலி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. என் ஸ்கூட்டியிலேயே கூட்டிப் போய் பஸ் ஏற்றிவிட்டேன். என் போன் நம்பரையும் கொடுத்தேன். நான் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்தால், இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் தறிக் குடோன் தறிக் குடோனாக ஏறி இறங்கிக் கேட்டிருக்கிறாள், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், யாருடைய போனையோ வாங்கிப் பேசினாள்.

"அக்கா, வயித்த ரொம்ப வலிக்கி. எனக்கு இங்க யாருமில்ல. அவரு எங்க இருக்காருன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்கக்கா."

"பக்கத்துல ஆஸ்பத்திரிக்குப் போ கண்ணு. நான் விசாரிச்சுச் சொல்றேன்," என்றேன். நல்ல யோசனையைத்தான் சொன்னேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு, "அங்க யாரு வாசிக்கா?" என்றாள்.

கீழே ராக்கையா உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

"டிவி ஓடுது கண்ணு," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். பனியில் ஜேக்கப்புக்குத் தூரத்தில் கிளாராவின் குரல் கேட்பது போல இருக்கும், அவன் திரும்பிப் பார்ப்பான், யாரும் இருக்கமாட்டார்கள். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். நீங்கள் கேட்கிற எல்லாருமே அதைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலை அவளைச் சோமனூர் பஸ் ஸ்டாண்டில் கிடந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அவளும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. அவள் பையில் இருந்த என் நம்பரை வைத்துத்தான் ராக்கையாவுக்குச் செய்தி வந்தது, நான் சொன்ன பொய் அப்போது யாருக்கும் தெரியாது. அடக்கத்துக்கு நானும் போனேன். மாலை நான் வாங்கியதுதான். பெட்டியை மூடுவதற்கு முன்னால் ராக்கையா மவுத் ஆர்கனை எடுத்து அவள் கைக்குள் வைத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கிறது, அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இவன் பாட்டுக்கு மண்ணுக்குள் போட்டுவிட்டான். அன்று வந்த கோபத்தில் என்னால் வீட்டுக்கு வந்தும் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

ஆனால் பாருங்கள், அம்மா, அடுத்த நாளே உட்கார்ந்தேன், கடைசி அத்தியாயம் ஒரே மூச்சில் வந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை, பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்தான். அப்படியும் வந்தது. வாத்தியம் தேவையே படவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ரோஸ்மேரி தேடி வந்தபோது அவன் என் வீட்டில்தான் குடியிருந்தான். எனக்குத் தெரிந்தே பொய் சொன்னேன். அவள் வலியில் கூப்பிட்டபோது அவன் கூப்பிடு தூரத்தில் இருந்தான், தெரிந்தேதான் ஜன்னலைச் சாத்தினேன். என்னை யாரும் தூண்டவில்லை. கையெழுத்து கீழே போட்டிருக்கிறேன், வள்ளியாத்தாள் என்றே.

ராக்கையா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள். என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறானாம். பார்க்க வேண்டாம். என் போன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கிளாரா வயிற்றுப் பிள்ளையோடு வந்து பண்ணை வாசலில் நிற்கிறாள், ஜேக்கப் ஓடி வந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறான். அவர்களைச் சேர்த்து வைத்தது நான்தான். யாராவது அதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், அவன் மனசு ஆறும்.