ஐந்து ஆம்பியர் வீடு

தேநீருக்கு நன்றி, கேப்டன். சர்க்கரை சரியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் மாமனாருக்காக எல்லோருமே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டோம். எனக்கு அது பழகவே இல்லை.

நான் கோபக்காரன் அல்ல. பாக்தாதில் ஜூலை மாதத்தில் கோபப்படாத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் கம்ப்யூட்டர் பழையது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரையில் கம்பெனிப் பெயர் வரும், அப்படியே உறைந்து நின்றுவிடும். மைத்துனன் ஸர்மத் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மச்சான், இத வித்துட்டு ஒரு கோழி வாங்குங்க. அதாச்சும் காலையில எந்திரிக்கும்."

வெள்ளிக்கிழமை விருந்துக்குள் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

பழுது பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிரிண்டரைக் கழற்றினேன், ஸ்பீக்கரைக் கழற்றினேன். மெமரியை எடுத்து ரப்பரால் துடைத்து மாட்டினேன். அதே இடத்தில் உறைந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. குறை பெட்டியில் இல்லை, மின்சாரத்தில். அரசு மின்சாரத்தின் லட்சணம் உங்களுக்கே தெரியும். தெரு ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்கு ஐந்து ஆம்பியர். அதிலும் பக்கத்து வீட்டுக்காரி உம் ரகத்துக்கு ஒரு பங்கு. இத்தனை பேர் உறிஞ்சினால் கம்ப்யூட்டருக்கு என்ன மிஞ்சும்?

ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். ஏர்கூலரைப் பிடுங்கினேன். பிறகு கம்பத்தில் ஏறி உம் ரகத்தின் வயரையும் அவிழ்த்தேன். மறுநாள் அவள் வாசலில் நின்று கத்தினாள்.

"பாவி மனுஷா, நிச்சயதார்த்த விருந்துக்குச் செஞ்சு வச்சிருந்த தோல்மா அத்தனையும் ஊசிப்போச்சேடா."

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய ஃப்ரீசர் நிரபராதி என்பது அப்படித்தான் தெரிந்தது.

மிச்சம் இருந்தது மாமனாரின் ஆக்ஸிஜன் இயந்திரம் மட்டும். என் மனைவி ஸுஹாத் முன்பே சொல்லியிருந்தாள்.

"எத வேணா பிடுங்குங்க. அப்பா மிஷின் பக்கம் மட்டும் போனீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவள் பேச்சுக்கு நான் மதிப்புக் கொடுப்பவன். அதனால்தான் அவள் சந்தைக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

மாமனார் ஹாஜி மிஜ்பிலை எனக்கு மிகவும் பிடிக்கும். அதை அழுத்தியே சொல்கிறேன். அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மாமா, ரெண்டே நிமிஷம். மூச்ச கொஞ்சம் சிக்கனமா விடுங்க."

"மாப்ள, நீ என்னக் கொல்லத்தான் போற," என்றார்.

நான் கார் ஓட்டும்போதும் அவர் அதைத்தான் சொல்வார்.

பிடுங்கினேன். பக்கத்து அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். உறைந்தது. ஒரு முறை செய்தால் அது சோதனை ஆகாது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும். அப்போது டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஹார்ட் டிஸ்க் சாகும்போது அப்படித்தான் தட்டும். பழுதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சற்று நேரத்தில் தட்டுவது நின்றது. தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் ஜபமாலையால் கட்டில் கம்பியைத் தட்டியிருக்கிறார். மாலை அவர் விரலில் சுற்றியிருந்ததைச் சந்தையிலிருந்து திரும்பிய ஸுஹாத்தான் பார்த்தாள்.

இயந்திரத்தின் வயரைப் பிடுங்கியவன் நான்தான், கேப்டன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று உங்கள் கான்ஸ்டபிள், சாட்சிப் பொருளாக வந்த கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பென் டிரைவை உருவினாராம். உடனே கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டதாம். அந்தப் பென் டிரைவ் என்னுடையது. பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது எப்படி என்று பாடங்கள் சேர்த்து வைத்திருந்தேன்.

வீட்டில் எல்லோருடையதையும் கழற்றிப் பார்த்தேன், கேப்டன். நீங்களே நியாயம் சொல்லுங்கள், என்னுடையதில் போய் எதற்குப் பார்ப்பேன்?